தூங்கப்போகும் கதை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான் மழலையர் வகுப்பு ஆசிரியை. பல் துலக்குதல், உடை மாற்றுதல், படுக்கைக்குச் செல்லுதல் ஆகியவற்றைச் சொல்லும் படக்கதை ஒன்றை நான்கு வயதுக் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டினேன். அமைதியாகக் கேட்டார்கள். முடிந்ததும், "இந்தக் கதையிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இத்தகைய கதையால் உண்மையில் எதையேனும் கற்பிக்க முடியுமா?

பதில்: முடியும். நீங்கள் கேட்ட கேள்விதான் அந்த வயதுக்கு உரியதன்று. கேட்ட கதையைச் சுருக்கி அதன் கருத்தைப் பிரித்தெடுப்பது பெரியவர்களுக்கே எளிய வேலையல்ல. நான்கு வயதில் கைகூடி வருவது வேறொரு திறன்: எதற்குப் பின் எது வரும் என்பதை முன்கூட்டியே சொல்வது. "இன்னும் பத்து நிமிடத்தில் தூங்க வேண்டும்" என்றால் அந்தப் பத்து நிமிடம் எவ்வளவு என்பது குழந்தைக்குப் பிடிபடாது. "பல் துலக்கியதும் கதை" என்றால் உடனே பிடிபடும். மணி பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு இந்த வரிசையே கடிகாரமாக இருக்கிறது. தூங்கப்போகும் கதையால் கற்பிக்கக்கூடிய முதன்மையான பாடமும் இதுவே என்று நான் கருதுகிறேன்.

ஆகவே, எல்லாவற்றையும் சரியாகச் செய்யும் நல்ல பிள்ளையின் கதையைவிட, வரிசையைத் தவறவிடும் பிள்ளையின் கதை வகுப்பறையில் அதிகம் பயன்படும். நான் அடிக்கடி சொல்லும் கதையில் மாறன் என்றொரு சிறுவன் வருகிறான். அவன் இரவு உடையை முதலில் அணிந்துகொண்டு பிறகு குளிக்கப் போகிறான், உடை நனைந்துவிடுகிறது. பல் துலக்கிவிட்டுச் சாப்பிட உட்காருகிறான். மீண்டும் துலக்க வேண்டியிருக்கிறது. போர்வைக்குள் சுருண்டு கண்ணை மூடிய பிறகுதான் கழிப்பறை நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு பக்கத்தையும் திருப்புவதற்கு முன் சற்று நிறுத்திப் பாருங்கள், "ஐயோ, முதலில் குளிக்கணும்!" என்று குழந்தைகளே கத்துவார்கள். நீங்கள் எதிர்பார்த்த விடை அந்தக் கூச்சலில் இருக்கிறது.

இவ்வாறு குழந்தையைப் பேசவிட்டு வாசிக்கும் முறையை அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்டும் அவருடைய குழுவினரும் 1988இல் ஆராய்ந்து வெளியிட்டார்கள். திறந்த கேள்வி கேட்பது, குழந்தை சொன்ன ஓரிரு சொற்களை முழு வாக்கியமாக விரித்துத் திருப்பிச் சொல்வது, நாளாக ஆகக் கதை சொல்லும் பொறுப்பைக் குழந்தையிடமே விட்டுவிடுவது ஆகியவை அதன் அடிப்படைகள். ஒரு மாதம் வீட்டில் இம்முறையில் வாசிக்கப்பட்ட குழந்தைகள், வழக்கமான முறையில் வாசிக்கப்பட்டவர்களைவிடப் பேச்சுத்திறனில் முன்னேறியிருந்தார்கள்.

கதை முடிந்த பின், அதன் நிகழ்வுகளை நான்கைந்து படஅட்டைகளாக்கிக் கலைத்துக் கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள். அல்லது ஒரு பொம்மையைக் கொடுத்துத் தூங்கவைக்கச் சொல்லுங்கள். "நேற்று இரவு நீ பல் துலக்கினாயா?" என்று மட்டும் வகுப்பில் கேட்க வேண்டாம். எல்லாக் குழந்தைகளுக்கும் தனி அறையோ, தனிப் படுக்கையோ, இரவில் உடனிருந்து கவனிக்கப் பெற்றோரோ இருப்பதில்லை. அத்தகைய குழந்தைக்கு நம் கதை குற்றப்பத்திரிகை ஆகிவிடக் கூடாது. இன்னொரு சிறு குறை: பல படங்களில் தூரிகையின் முழு நீளத்துக்கும் பற்பசை வழிகிறது. மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவும், மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவும் போதும் என்பதைப் பக்கத்தைத் திருப்பும்போது போகிறபோக்கில் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: விலங்குகள் வரும் கதை நல்லதா, மனிதர்கள் வரும் கதை நல்லதா?

பதில்: ரசிப்பதற்கு இரண்டும் நல்லவை. ஆனால் டொரண்டோ ஆய்வாளர்கள் நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளிடம் பகிர்ந்துகொள்வதைப் பற்றிய கதையை வாசித்துப் பார்த்தபோது, மனிதப் பாத்திரங்கள் வந்த கதையைக் கேட்டவர்களே பிறகு அதிகமாகப் பகிர்ந்துகொண்டார்கள். கரடிக்குட்டி பல் துலக்குவது கரடியின் சமாச்சாரம் என்று குழந்தை விட்டுவிடக்கூடும். கரடிதான் வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால் கரடியே வரட்டும், "நீயும் இப்படித்தானே செய்வாய்?" என்ற ஒரு கேள்வியை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மூன்று வயது மகன் மூன்று வாரமாக ஒரே புத்தகத்தையே வாசிக்கச் சொல்கிறான். எனக்குச் சலித்துவிட்டது. புதிய கதைக்கு மாற்றினால் அவனுக்குப் புதிய சொற்கள் கிடைக்குமே?

பதில்: உங்கள் சலிப்பு நியாயமானது, ஆனாலும் மாற்ற வேண்டாம். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், மூன்று வயதுக் குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு ஒரே கதையையும், மற்றவர்களுக்கு அதே புதிய சொற்கள் வெவ்வேறு கதைகளில் வருமாறும் வாசித்தார்கள். சொற்களைக் கேட்ட தடவைகள் சமம் என்றாலும், ஒரே கதையைக் கேட்டவர்களே அவற்றை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். 2014இல் அதே ஆய்வகம், கதை கேட்டவுடன் பகலில் சற்றுத் தூங்கிய குழந்தைகள் தூங்காதவர்களைவிடச் சொற்களை நன்றாகக் கற்றதைக் கண்டது. இரண்டும் சிறு எண்ணிக்கையிலான குழந்தைகளிடம் செய்யப்பட்டவை. எனினும் கதையும் அதைத் தொடர்ந்து உறக்கமும் என்ற பழைய ஏற்பாட்டுக்கு அவை துணைநிற்கின்றன. களைப்பில் ஒரு பக்கத்தைத் தாண்டிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், பிடித்துவிடுவான்.

கேள்வி: இரவில் ஒரு கதை மூன்று கதையாகிறது. பிறகு தண்ணீர், பிறகு கழிப்பறை. என் நான்கு வயது மகள் உறங்கும்போது மணி ஒன்பதரையைத் தாண்டிவிடுகிறது. காலையில் ஆறரைக்கு எழுப்ப வேண்டும். கதை வாசிப்பதையே நிறுத்திவிடலாமா?

பதில்: கதையை நிறுத்த வேண்டாம், அது வரும் இடத்தை மாற்றுங்கள். முதலில் கணக்கைப் பார்ப்போம். மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேரம் உறக்கம் தேவை. ஒன்பதரைக்கு உறங்கி ஆறரைக்கு எழுந்தால் கிடைப்பது 9 மணி நேரம். பகலில் ஒரு மணி நேரம் தூங்கினால்கூடக் கீழ் எல்லையைத்தான் தொடுகிறாள். எட்டரைக்கு உறங்க வேண்டுமெனில் ஏறத்தாழ எட்டு மணிக்கே வரிசை தொடங்கியாக வேண்டும்.

அந்த வரிசையில் தண்ணீரும் கழிப்பறையும் கதைக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். கதை கடைசியில், படுத்த நிலையில், மங்கிய விளக்கில் வரட்டும். எத்தனை கதை என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். எந்தக் கதை என்பதை அவள் தேர்ந்தெடுக்கட்டும். வகுப்பறையில் நான் பரிந்துரைக்கும் கேள்விகளும் கூச்சலும் இரவுக்கு ஆகாதவை. அவற்றைப் பகல் வாசிப்புக்கு வைத்துக்கொண்டு, இரவில் குரலைப் பக்கத்துக்குப் பக்கம் தணித்து, இறுதி வரியை மெல்லிய குரலில் முடியுங்கள். கைப்பேசித் திரையில் வாசிப்பதைத் தவிர்ப்பது நல்லது. மாலைக்குப் பின் படும் பிரகாசமான ஒளி உறக்கத்துக்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலடோனின் சுரப்பைக் குறைக்கிறது. சிறு குழந்தைகளிடம் இந்த விளைவு வலுவாகத் தெரிகிறது.

அதன் பிறகும் எழுந்து வருகிறாள் என்றால், அனுமதிச்சீட்டு முறையைப் பரீட்சித்துப் பாருங்கள். 1999இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இரண்டு சிறுவர்களிடம் இதைச் சோதித்து எழுதினார்கள். படுக்கும்போது குழந்தையிடம் ஓர் அட்டையைக் கொடுப்பார்கள். அதைக் காட்டி ஒரே ஒரு முறை எழுந்து வந்து ஒரு தேவையைக் கேட்கலாம். கேட்டதும் அட்டையைத் திருப்பித் தந்துவிட வேண்டும். கையில் அட்டை இருக்கிறது என்ற தெம்பிலேயே அதைச் செலவழிக்காமல் உறங்கிவிடும் பிள்ளைகளும் உண்டு.

இரண்டு நாளில் பலன் தெரியவில்லை என்று கைவிட்டுவிடாதீர்கள். 405 தாய்மார்களையும் அவர்களுடைய கைக்குழந்தைகளையும் தளிர்நடைக் குழந்தைகளையும் கொண்டு நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வில், இரவுதோறும் ஒரே வரிசை இரண்டு வாரம் பின்பற்றப்பட்டது. குளியல் முடிந்து அரை மணி நேரத்துக்குள் விளக்கு அணைக்கப்பட்டது. குழந்தைகள் விரைவாக உறங்கினார்கள், இரவில் விழிப்பதும் குறைந்தது. தாய்மார்களின் மனநிலையும் மேம்பட்டது என்பதை நான் சிறிய செய்தியாக எண்ணவில்லை.

கேள்வி: நான் பாட்டி. புத்தகம் வாசிக்கக் கண் ஒத்துழைப்பதில்லை. வாய்க்கு வந்த கதையைத்தான் பேரனுக்குச் சொல்கிறேன். தூங்காத பிள்ளையை யாரோ பிடித்துக்கொண்டு போவதாகவும் சொல்வதுண்டு. இது தவறா?

பதில்: வாய்மொழிக் கதையில் தவறே இல்லை. பிடித்துக்கொண்டு போகிறவரை மட்டும் கதையிலிருந்து அனுப்பிவிடுங்கள். மூன்று வயது முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கதை சொல்லிச் சோதித்த 2014ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்றில், பொய் சொன்னவன் துன்பப்படும் கதைகள் குழந்தைகளை உண்மை பேசவைக்கவில்லை. உண்மை சொன்னதற்காகப் பாராட்டப்பட்டவனின் கதையே பேசவைத்தது. அது பொய்யைப் பற்றிய ஆய்வு. உறக்கத்துக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இருட்டைக் கண்டு அஞ்சும் வயதில் அச்சமூட்டினால் பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொள்ளுமே தவிர உறங்காது. அந்த ஆளுக்குப் பதிலாக உங்கள் பேரனின் வயதுள்ள ஒரு சிறுவனைக் கொண்டுவாருங்கள். அவன் தன் பொம்மைகளை ஒவ்வொன்றாகத் தூங்கவைத்துவிட்டுத் தானும் படுத்துக்கொள்ளட்டும். புத்தகம் வாசிப்பவர்களுக்கு இல்லாத வசதி ஒன்று உங்களுக்கு இருக்கிறது: விளக்கை அணைத்துவிட்டும் கதையைத் தொடரலாம்.