ஒரே தொட்டித் தண்ணீரில் வீடே குளிக்குமா? கேள்வி பதில்

ஜப்பானில் 2 வருடம், ஜெர்மனியில் 4 வருடம் ஆன்சைட்டில், அதாவது கம்பெனி அனுப்பிய வெளிநாட்டு வேலையில், இருந்துவிட்டு பெங்களூரு அல்சூருக்கே திரும்பி வந்தவன் நான். வெளிநாட்டு வீடுகளில் பார்த்து முகம் சுளித்ததையெல்லாம் கேளுங்கள் என்றேன், கொட்டிவிட்டீர்கள். முடிந்தவரை சொல்கிறேன்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து: அண்ணா, ஒசாகாவில் ஒரு வீட்டில் தங்கினேன். விருந்தாளி என்று முதல் குளியல் எனக்கு. தொட்டிக்குள்ளேயே சோப்புப் போட்டுக் குளித்து, தண்ணீரைத் திறந்துவிட்டு வந்தேன். எல்லார் முகமும் தொங்கிப்போனது. அதே தண்ணீரில்தான் வீடே குளிக்குமாம்! அசிங்கமாக இல்லையா?

பதில்: அசிங்கம் பண்ணியது நீங்கள்தான் தம்பி. கோபிக்காதீர்கள், முதல் நாள் நானும் அதையேதான் செய்தேன். அந்தத் தொட்டி குளிக்க இல்லை, ஊற. வெளியே குட்டி முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு, நுரை துளி இல்லாமல் அலசிவிட்டுத்தான் உள்ளே இறங்க வேண்டும், சுமார் 40 டிகிரி சூட்டில் கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு எழுந்தால் அடுத்தவர் வருவார், நடுவில் சூடு ஆறாமல் மூடி போட்டு வைப்பார்கள். மிச்சத் தண்ணீரைக் குழாய் போட்டு வாஷிங் மெஷினுக்கு இழுத்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு. 2024 கோடையில் டேங்கர் வரவில்லை என்று அபார்ட்மென்ட் வாட்ஸப் குழுவில் அடித்துக்கொண்டோமே, ஆர்ஓ கழிவுத் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து வீடு துடைத்தோமே, அப்போது எனக்கு அந்த மூடி போட்ட தொட்டிதான் ஞாபகத்துக்கு வந்தது.

எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து: ஜெர்மனியில் ஜனவரி மாதம், வெளியே பனி. வீட்டுக்காரம்மா வந்து ஜன்னல்களைப் பப்பரப்பா என்று திறந்துவிட்டுப் போகிறார். பைத்தியமா?

பதில்: இல்லை. அங்கே வீடுகளைக் காற்றுப் புகாமல் அடைத்துக் கட்டுகிறார்கள். மூச்சு, குளியல், நம் சாம்பார் ஆவி எல்லாம் உள்ளேயே சுற்றி, குளிர்ந்த சுவரில் நீராகப் படிந்து பூஞ்சை பிடிக்கும். ஹீட்டரைக் குறைத்துவிட்டு ஐந்து பத்து நிமிடம் முழுசாகத் திறந்தால் ஈரக்காற்று போய்விடும், சுவர்ச்சூடு அப்படியே நிற்கும். ஸ்டோஸ்லுஃப்டன் என்று இதற்குத் தனிப்பெயரே உண்டு. நான் முதல் குளிர்காலம் முழுக்கச் சாத்தியே வைத்திருந்தேன். அலமாரியை நகர்த்தினால் பின்சுவர் கன்னங்கரேல். டெபாசிட்டில் கணிசமாகப் பிடித்துவிட்டார்கள், நியாயம்தான்.

இந்திராநகரிலிருந்து: லண்டனில் சமையலறையில் வாஷிங் மெஷின், ஏன்?

பதில்: குளியலறையில் சாதாரண பிளக் பாயிண்ட் வைக்க அங்கே கெடுபிடி அதிகம். இதைத் தாண்டி இதில் மர்மம் எதுவுமில்லை.

கே.ஆர்.புரத்திலிருந்து: ஸ்டாக்ஹோமில் என் மகன் நண்பன் வீட்டில் விளையாடப் போனான். அவர்கள் சாப்பிடும்போது இவனை அறையிலேயே இருக்கச் சொன்னார்களாம் சார். வயிறு எரிகிறது.

பதில்: 2022-ல் இதே விஷயத்துக்கு இணையமே ஸ்வீடன்காரர்களைப் பிடித்து உலுக்கியது அம்மா. எல்லா வீட்டிலும் அப்படி இல்லை. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அவன் அம்மா சமைத்து வைத்திருப்பாள், அதைக் கெடுக்கக் கூடாது என்பது அவர்கள் சொல்லும் காரணம். காரணம் எனக்குப் புரிகிறது. மனசுதான் இன்னும் ஒப்பவில்லை.

அதே அம்மா: என் கணவரின் ஜெர்மன் சக ஊழியர் வீட்டுக்கு வருகிறார். என்ன சொல்லி வைப்பது?

பதில்: அவர் 'போதும்' என்றால் போதும்தான், மூன்றாவது தோசையைத் தட்டில் தள்ளாதீர்கள். சொம்பை ஏன் அண்ணாந்து குடிக்கிறோம் என்று எச்சில் கதையை முன்னாடியே சொல்லிவிடுங்கள். அப்புறம் 'போயிட்டு வரேன்'. எங்கள் வீட்டுக்கு வந்தவருக்கு ஆர்வத்தில் அதை வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டேன். என் அத்தை விடைபெற்றுப் போனதும் மனிதர் கடைசி வடையைத் தொடவே இல்லை. அத்தை வந்தால் வேண்டுமே என்றார்.