டைம்லாப்ஸில் நடுங்கும் கோடுகளும் துடிக்கும் நிறங்களும்: கேள்வி பதில்

இடைவெளி விட்டு எடுத்த பல படங்களை வீடியோவாக்கும் டைம்லாப்ஸின் எடிட்டிங்கில் லென்ஸ் திருத்தமும் நிறமும் தரும் தொல்லைகள் பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு என் பதில்கள் இவை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனிப் படத்தில் பிழையே இல்லாவிட்டாலும் டைம்லாப்ஸ் கெட்டுப்போகலாம். எல்லாப் படங்களிலும் ஒரே அளவு பிழை இருந்தால் கண் அதைப் பொருட்படுத்தாது. படத்துக்குப் படம் மாறினால் உடனே உறுத்தும். கீழே வரும் சிக்கல்களில் பாதி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

கேள்வி: ஒரு உயரமான கட்டடத்தை 320 படங்களாக எடுத்தேன். சாய்வை மென்பொருளே சரிசெய்யட்டும் என்று ஆட்டோவில் விட்டேன். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நேராக இருக்கின்றன. வீடியோவில் கட்டடம் நடுங்குகிறது. முக்காலி அசையவில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

பதில்: உங்கள் முக்காலியை நம்புகிறேன். இதே நடுக்கத்துக்காக ஒரு முழு இரவு என் முக்காலியின் திருகுகளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவன் நான். ஆட்டோ சாய்வுத் திருத்தம் ஒவ்வொரு படத்திலும் கோடுகளைத் தேடிக் கணக்குப் போடுகிறது. நிழல் நகர்ந்து ஒரு சுவரின் விளிம்பு மறைந்தால் அடுத்த படத்தின் கணக்கு சற்றே மாறும். அந்தச் சிறு மாற்றமே நடுக்கமாகத் தெரிகிறது.

சோதிக்க ஒரு வழி: படத்தை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, ஒரு ஜன்னலின் மூலையை மட்டும் பார்த்தபடி பத்துப் படங்களை அடுத்தடுத்துத் தள்ளுங்கள். மூலை இரண்டு மூன்று பிக்சல் தாவுகிறதா? திருத்தத்தை அணைத்துவிட்டு மீண்டும் தள்ளுங்கள். தாவல் நின்றுவிட்டால் குற்றவாளி அதுவே. லைட்ரூம் மென்பொருளில் ஒரு படத்தை மட்டும் திருத்தி, மற்றவற்றுக்கு நகலெடுக்கும்போது 'அப்ரைட் மோட்' என்பதை விட்டுவிட்டு 'அப்ரைட் டிரான்ஸ்ஃபார்ம்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். முதலாவது, ஒவ்வொரு படத்தையும் புதிதாக ஆராயச் சொல்லும் கட்டளை. இரண்டாவது, கிடைத்த அளவுகளை அப்படியே எடுத்துச் செல்லும்.

அணைத்த பிறகும் தாவினால் ஜூம் வளையத்தைப் பாருங்கள். லென்ஸ் மேலோ கீழோ சாய்ந்திருக்கும்போது வளையம் தன் எடையிலேயே மெல்ல நழுவும். 24 மி.மீ. என்று பதிவான குவியத் தூரம் வழியில் 25 ஆகியிருந்தால், லென்ஸ் புரொஃபைலும் (லென்ஸின் வளைவையும் ஓரக் கருமையையும் நீக்கும் திருத்தக் கணக்கு) அந்த இடத்தில் மாறிவிடும். அடுத்த முறை ஒரு துண்டு டேப் போதும்.

கேள்வி: ஃபிளிக்கர் (படத்துக்குப் படம் வெளிச்சம் துடிப்பது) வராமலிருக்க, அப்பர்ச்சர் (லென்ஸின் துளை) அசையாமல் நிற்கட்டும் என்று, டெப்த் ஆஃப் ஃபீல்டு பொத்தானை அழுத்தியபடி லென்ஸைச் சற்றுத் திருகி, கேமராவுடனான மின்தொடர்பைத் துண்டித்து எடுத்தேன். இப்போது லென்ஸ் புரொஃபைல் தானாக வருவதில்லை.

பதில்: வராது. தொடர்பு துண்டிக்கப்பட்டதும் லென்ஸின் பெயர், அப்பர்ச்சர், குவியத் தூரம் எதுவும் கோப்பில் பதிவாவதில்லை. புரொஃபைலை நீங்களே பட்டியலில் தேர்ந்தெடுத்து எல்லாப் படங்களுக்கும் கொடுங்கள். அப்பர்ச்சர் விவரம் இல்லாததால் ஓரக் கருமைத் திருத்தம் கூடவோ குறையவோ செய்யலாம்; அதைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்யுங்கள். இனி திருகுவதற்கு முன் அதே அமைப்பில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லா விவரமும் அதில் இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

கேள்வி: திருத்தம் செய்ததும் அடிவானம் எதிர்ப்பக்கமாக வளைகிறது. புரொஃபைல் தவறா?

பதில்: பெரும்பாலும் இரட்டைத் திருத்தம். ஜேபெக் எடுத்திருந்தால் கேமராவே ஒருமுறை திருத்தியிருக்கும். அதன்மேல் நீங்கள் மறுபடி திருத்துகிறீர்கள். ஏதாவது ஒன்று போதும்.

கேள்வி: சூரியன் மறையும் காட்சியில் ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சமன்செய்யும் அமைப்பு) ஆட்டோவில் விட்டுவிட்டேன். நீலமும் மஞ்சளும் மாறி மாறித் துடிக்கின்றன. காப்பாற்ற முடியுமா?

பதில்: ரா கோப்பு (கேமரா திருத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பு) என்றால் முழுமையாகக் காப்பாற்றலாம். ராவில் ஒயிட் பேலன்ஸ் என்பது வெறும் குறிப்பு. சென்சார் பதிந்த ஒளியை அது தொடுவதில்லை. மென்பொருளில் 'ஆஸ் ஷாட்' (எடுத்தபடி) என்றே விட்டால் ஒவ்வொரு படமும் தன் குறிப்பைப் பின்பற்றும். எல்லாப் படங்களுக்கும் ஒரே கெல்வின் எண்ணையும் (நீலம்–மஞ்சள் அளவு) ஒரே டின்ட் எண்ணையும் (பச்சை–ஊதா அளவு) கொடுங்கள், துடிப்பு நின்றுவிடும். ஜேபெக்கில் அந்த நிறம் படத்துக்குள்ளேயே எழுதப்பட்டுவிட்டதால் ஓரளவுக்குத்தான் மீட்க முடியும்.

பகலிலிருந்து இரவு வரை நிறம் மெல்ல மாற வேண்டுமானால் முதலிலும் கடைசியிலும் ஓர் எண் வைத்து இடைப்பட்டதை மென்பொருளிடம் விடலாம். இங்கே ஒரு கண்ணி உண்டு. கெல்வினில் சம அளவு மாற்றம் கண்ணுக்குச் சமமாகத் தெரியாது. பத்து லட்சத்தைக் கெல்வினால் வகுத்தால் வரும் மைரெட் அளவில் பாருங்கள்: 7000-லிருந்து 8000 போவது சுமார் 18 மைரெட், 3000-லிருந்து 4000 போவது 83. அதனால் குறைந்த எண்களை நெருங்கும்போது நிறம் திடீரென ஓடுவதுபோல் தோன்றும். அந்தப் பகுதியில் இன்னும் இரண்டு இடைப்புள்ளிகளைச் சேருங்கள். அந்தி நீலத்தை முழுவதும் துடைத்துவிடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். அந்த நேரத்தின் அழகே அதில்தான் இருக்கிறது.

கேள்வி: ஷட்டர், ஐஎஸ்ஓ, அப்பர்ச்சர், ஒயிட் பேலன்ஸ் எல்லாமே மேனுவல். ஆனாலும் வெளிச்சம் துடிக்கிறது.

பதில்: இரண்டு காரணங்கள் இருக்கலாம். முதலாவது, எஃப்/11 போன்ற அளவில் அப்பர்ச்சர் இதழ்கள் ஒவ்வொரு படத்துக்கும் மூடித் திறக்கின்றன; மிகச்சரியாக அதே இடத்தில் நிற்பதில்லை. டிஃபிளிக்கர் மென்பொருள் இதைச் சமன்செய்யும். அது அளக்கும் பகுதியாக மேகமோ மனிதர்களோ கடக்காத இடத்தைக் கொடுங்கள்.

இரண்டாவதைப் பலரும் கவனிப்பதில்லை. ஹைலைட்ஸ், ஷேடோஸ், கிளாரிட்டி, டிஹேஸ் ஆகியவை படத்தின் உள்ளடக்கத்தைப் பார்த்து வேலை செய்பவை. எண் ஒன்றாகவே இருந்தாலும், ஒரு வெள்ளை மேகம் உள்ளே வந்ததும் அவற்றின் விளைவு மாறலாம். நான்கையும் பூஜ்யத்தில் வைத்து ஒரு சிறு மாதிரி ஓட்டிப் பாருங்கள். துடிப்பு அடங்கினால் அந்த வேலையை டோன் கர்வில் (வெளிச்ச அளவுகளை ஒரு வளைகோட்டால் மாற்றும் கருவி) செய்யுங்கள். கர்வ் எந்தப் படத்துக்கும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும்.

கேள்வி: இரவு வானத்தில் லென்ஸ் திருத்தம் கொடுத்ததும் நான்கு மூலைகளிலும் ஊதா படிகிறது.

பதில்: அகலத் திறந்த வைட் லென்ஸில் மூலைகள் இரண்டு ஸ்டாப் இருண்டிருந்தால், திருத்தம் அங்கே ஒளியை நான்கு மடங்காக்குகிறது. இரைச்சலும் அதோடு நான்கு மடங்காகிறது. நிறக்கறையும் வெளியே வருகிறது. வளைவுத் திருத்தத்தை 100-இலேயே விட்டு, வினெட்டிங் (ஓரக் கருமை) திருத்தத்தை மட்டும் 40 அல்லது 50-க்குக் குறையுங்கள். இரவு வானத்துக்குச் சற்று இருண்ட மூலைகள் பொருந்தவே செய்யும்.

கேள்வி: மாலை வானத்தில் படிக்கட்டுபோலப் பட்டை பட்டையாகக் கோடுகள் வருகின்றன.

பதில்: 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான் உண்டு. 3840 பிக்சல் அகல வானம் இடமிருந்து வலமாக 60 படிகள் மட்டுமே மாறினால், ஒவ்வொரு படியும் 64 பிக்சல் அகலப் பட்டையாகிவிடும். இடைநிலைக் கோப்புகளை 16 பிட் டிஃப் ஆக எடுங்கள், வீடியோவை முடிந்தால் 10 பிட்டில் கொடுங்கள். 8 பிட்டில்தான் தர வேண்டும் என்றால் கடைசியில் மெல்லிய கிரெய்ன் (பொடிப் புள்ளிகள்) சேருங்கள். பட்டையின் விளிம்பு கரைந்துவிடும்.

கேள்வி: எடிட்டிங்கில் செழிப்பாக இருந்த நிறம் வீடியோவில் வெளிறிவிடுகிறது.

பதில்: படங்களை புரோஃபோட்டோ ஆர்ஜிபி என்ற மிக அகலமான நிறவெளியில் எக்ஸ்போர்ட் செய்தீர்களா என்று பாருங்கள். வீடியோ மென்பொருள் அந்தக் குறிப்பைப் படிக்காவிட்டால் நிறம் சோர்ந்துவிடும். பொதுவான நிறவெளியான எஸ்ஆர்ஜிபியில் கொடுங்கள். கருப்பு சாம்பலாகத் தெரிந்தால் கருப்பு முதல் வெள்ளை வரை குறிக்கும் 0–255, 16–235 என்ற இரு எண் வீச்சுகளும் எங்கோ குழம்பியிருக்கின்றன. இரண்டு மூன்று பிளேயர்களில் ஓட்டிப் பார்த்த பிறகே நிறத்தில் கைவையுங்கள்.

கேள்வி: ஸ்லைடரில் (கேமராவை மெல்ல நகர்த்தும் தண்டவாளம்) எடுத்ததை வீடியோ மென்பொருளில் அதிர்வு நீக்கி நிலைப்படுத்தினால் ஓரங்கள் ஜெல்லிபோல் குலுங்குகின்றன. லென்ஸ் திருத்தம் முன்பா, பின்பா?

பதில்: முன்பு. வைட் லென்ஸில் ஒரே கம்பம் நடுவில் நேராகவும் ஓரத்தில் வளைந்தும் இருக்கும். கேமரா நகரும்போது அது வளைந்து நிமிர்வதை நிலைப்படுத்தும் கருவி அசைவு என்று எண்ணி இழுக்கிறது. ரா நிலையிலேயே வளைவை நீக்கி, அந்தப் படங்களைக் கொண்டு வீடியோவைக் கட்டி, அதன் பிறகு நிலைப்படுத்துங்கள். கிராப் செய்வதைக் கடைசிக்கு வையுங்கள். நிலைப்படுத்தலுக்கு ஓரங்களில் இடம் தேவைப்படும்.