முத்துலட்சுமி ரெட்டி: 1929 – கடிதம்

அன்புள்ள ஐயா,

முத்துலட்சுமி ரெட்டியைப் பெரிய சட்டமன்றவாதி என்று எழுதியிருந்தீர்கள். அவர் தேர்தலில் ஜெயித்தவர் அல்ல, நியமன உறுப்பினர். சென்னை மாகாணச் சட்டசபையில் இருந்ததும் நான்கு வருடத்துக்குள்தான். தேவதாசி ஒழிப்பு மசோதாவும் அப்போது நிறைவேறவில்லை. நல்ல டாக்டர், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியவர் என்றால் சரி. சட்டசபையில் அப்படி என்ன செய்துவிட்டார்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தகவல்கள் எல்லாம் சரிதான். நியமன உறுப்பினர்தான், ஆனால் அவரைத் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது அந்த அவை. 1929ஐ மட்டும் விட்டுவிட்டீர்கள். நான் அப்படி எழுதியதே அந்த வருடத்தை நினைத்துத்தான்.

பெண் குழந்தையைக் கோயிலுக்கு நேர்ந்து தேவதாசியாக்கும் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்குப் பின்னால் நிலம் இருந்தது. கோயிலில் ஆடுவதற்காக விட்ட மானிய நிலம், ஊழியம் நடக்கும்வரைதான் அந்தக் குடும்பத்துக்கு. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, இனி ஆட முடியாது, வீட்டில் எட்டு வயதுப் பெண் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்குப் பொட்டுக் கட்டாவிட்டால் நிலம் போய்விடும், அடுத்த போகம் அடுப்பில் எதை ஏற்றுவது? அந்த வீட்டு வாசலில் நின்று 'இந்த வழக்கத்தை விடுங்கள்' என்று பேசி என்ன ஆகப்போகிறது! முத்துலட்சுமி அந்த முடிச்சில்தான் கை வைத்தார். 1929இல் இந்து அறநிலையச் சட்டத்துக்கு அவர் கொண்டுவந்த திருத்தம், ஊழியம் செய்யாமலே அந்தப் பெண்கள் நிலத்தை வைத்துக்கொள்ள வழி செய்தது. முதலில் சோறு, அப்புறம்தான் தடை. தடை மசோதா வருவது 1930இல். அவருடைய அம்மா சந்திரம்மாளே அந்த மரபில் வந்தவர், அதனால்தான் எதை முதலில் செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

தடைக்கு எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற, அதே மரபில் வந்த பெரிய கலைஞர்களே எதிர்த்தார்கள். தங்கள் கலையையும் சேர்த்து இழிவாகப் பேசுகிறார்கள் என்ற அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் எட்டு வயதுக் குழந்தையின் வாழ்க்கையை இன்னொருவர் முடிவு செய்வதா என்று வரும்போது நான் முத்துலட்சுமி பக்கம்தான்.

1930இல் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியை ராஜினாமா செய்தார், மசோதா கிடப்பில் போனது. 17 வருடம் கழித்து, 1947இல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் அது சட்டமானது. அப்போது முத்துலட்சுமி அவையில் இல்லை. சட்டசபை அனுபவங்களை 1930இலேயே ஆங்கிலத்தில் புத்தகமாக எழுதியிருக்கிறார், பழைய நூலகங்களில் தேடிப் பாருங்கள்.