உதிரம் நின்ற பிறகும் காவல் தேவை: நாய் வளர்ப்போருக்கு ஒரு கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்குப் 10 நாள்களாக இருந்த உதிரப்போக்கு நேற்று நின்றது. இனி வெளியே விடலாமா?

பதில்: விடவே கூடாது. வேண்டாத குட்டிகள் பலவும் இந்தத் தப்புக் கணக்கினால்தான் பிறக்கின்றன. பெட்டை நாயின் இனப்பெருக்கப் பருவம் ஏறத்தாழ 3 வாரம் நீடிக்கும். உதிரம் மிகுந்த முதல் 9 நாள் வாக்கில் பெட்டை, ஆண் நாயை அண்டவிடாது; உதிரம் வெளிறி வைக்கோல் நிறத்துக்கு மாறும்போதுதான் வாலை ஒதுக்கி நின்று இடங்கொடுக்கும். எனவே உங்களுக்கு ஆபத்தான நாள்கள் இப்போதுதான் தொடங்கியிருக்கின்றன. உதிரம் கண்ட நாளிலிருந்து 4 வாரம் வீட்டுக்குள்ளேயே வைத்து, சிறுநீர் கழிக்கக்கூட வாரில் பிடித்தே அழைத்துச் செல்லுங்கள். வாசனை பிடித்த ஆண் நாய்க்குச் சுற்றுச்சுவர் ஒரு பொருட்டில்லை. டயப்பர் தரையைத்தான் காக்கும். பருவத்தைத் தள்ளிப்போடும் ஹார்மோன் ஊசியை மட்டும் நாடாதீர்கள். அது கருப்பையில் சீழ் கோத்துக்கொள்ள வழிவகுக்கக்கூடும்.

கேள்வி: ஒரே ஈற்றில் பிறந்த ஆணும் பெட்டையும் 7 மாதமாக எங்களிடம் வளர்கின்றன. அவை இணைசேருமா?

பதில்: சேரும், நாய்கள் முறை பார்ப்பதில்லை. ஆணுக்கு விதைநீக்கம் செய்தாலும் சில வாரங்களுக்கு விந்து எஞ்சியிருக்கும் என்பதால் அதுவரை பிரித்தே வையுங்கள்.

கேள்வி: ஒருமுறை குட்டி போட்ட பிறகுதான் கருத்தடை செய்ய வேண்டுமாமே?

பதில்: தேவையில்லை. முதற்பருவத்துக்கு முன்பே சினைப்பையை அகற்றினால், பிற்காலத்தில் மடியில் கட்டி வரும் வாய்ப்பு குறையும் என்றே கருதப்படுகிறது.

கேள்வி: முந்தைய பதிலை மறுக்கிறேன். நான் ராஜபாளையம் வளர்ப்பவன். இளமையில் அறுத்தால் எலும்பு வளர்ச்சி கெடும்.

பதில்: உங்கள் மறுப்பில் பாதி நியாயம் இருக்கிறது. எலும்பு வளர்ச்சியை உரிய காலத்தில் நிறுத்துவதில் பாலின ஹார்மோன்களுக்குப் பங்குண்டு. ஆகவே உயரமான இனங்களுக்கு ஓராண்டோ அதற்கு மேலோ காத்திருக்குமாறு நானும் சொல்வதுண்டு. ஆனால் அக்காத்திருப்பு எலும்பு முதிர்வதற்காகவே அன்றி, ஓர் ஈற்றுக்காக அன்று. இடையில் வரும் பருவத்தில் காவல் காக்க இயலாதவர், காலத்தைத் தள்ளாமல் அறுவை செய்துவிடுவதே நல்லது.

கேள்வி: நாங்களும் ராஜபாளையம்தான் வளர்க்கிறோம். அப்படியானால் ஒரு ஈற்று விடலாம், அல்லவா?

பதில்: மேலே எழுதியதில் நான் அப்படிச் சொல்லவில்லை.

கேள்வி: தெருநாயுடன் பிணைந்து நின்றதைத் தண்ணீர் ஊற்றிப் பிரித்துவிட்டோம். கரு தங்காதல்லவா?

பதில்: தங்கலாம், பிணைப்பு நேரும்போதே விந்து உள்ளே சேர்ந்திருக்கும். வலிந்து பிரித்தால் இரண்டுக்கும் காயமே மிஞ்சும். மனிதருக்கான மாத்திரைகளோ, கடையில் வாங்கும் ஊசியோ வேண்டாம். உடனே மருத்துவரைப் பாருங்கள். 4 வாரத்தில் ஸ்கேன் செய்து சினையை உறுதிப்படுத்தலாம், வேண்டாமெனில் கருப்பையுடன் அகற்றும் அறுவையும் உண்டு.

கேள்வி: உதிரம் நின்று 2 நாள் ஆகிறது. கடற்கரைக்கு அழைத்துச் செல்லலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.