பிரின்சிபாலுக்கு எதற்கு கிஃப்ட் கார்டு?

(கலைக் கல்லூரி ஒன்றின் கணினி மையத்தில் பத்தொன்பது வருடமாக மெயில் கணக்குகளைப் பார்த்துக்கொள்கிறேன். போலி மெயில் பற்றி இந்த மாதம் வந்த கேள்விகளில் சில இங்கே.)

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. பிரின்சிபால் பெயரில், “ஃப்ரீயா? மீட்டிங்கில் இருக்கிறேன், போன் எடுக்க முடியாது” என்று மெயில் வந்தது. பதில் போட்டதும், விருந்தினர்களுக்குக் கொடுக்க கிஃப்ட் கார்டு வாங்கி அதன் நம்பரை அனுப்பச் சொன்னார். பெயர், போட்டோ எல்லாம் சரியாக இருந்தன. எப்படிச் சந்தேகப்படுவது?
- உதவிப் பேராசிரியர், மதுரை

இன்லேண்ட் லெட்டரின் பின்பக்கம் ‘அனுப்புநர்: மாவட்ட ஆட்சியர்’ என்று நான் எழுதிப் போட்டாலும் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். மெயிலில் தெரியும் பெயரும் அப்படித்தான். அனுப்புகிறவர் தானே வைத்துக்கொள்வது. போனில் பெரும்பாலும் பெயர் மட்டும் தெரியும், அதைத் தொட்டால் முழு முகவரி விரியும். கல்லூரி முகவரி இல்லாமல் ஏதோ ஒரு ஜிமெயில் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பெயரும் போட்டோவும் மோசடிக்காரர்களுக்கு எப்படிக் கிடைத்தன? நாம் கொடுத்ததுதான். கல்லூரிக்குத் தரம் போடும் நாக் குழு வருகிறது என்று துறைவாரியாக எல்லாருடைய படம், மெயில், சேர்ந்த வருடம் முதற்கொண்டு எங்கள் வெப்சைட்டில் ஏற்றியவனே நான்தான். அதைப் பார்த்துப் புதிதாகச் சேர்ந்தவர்களாகப் பொறுக்குகிறார்கள். பெரியவரிடம் திருப்பிக் கேட்கக் கூச்சப்படுவார்கள் அல்லவா?

சில சமயம் முகவரியும் சரியாகவே இருக்கும். உள்ளே இருக்கும் ஒருவரின் கணக்கையே திருடியிருப்பார்கள். அதனால் அந்த மெயிலில் கவனிக்க வேண்டிய வரி, ‘போன் எடுக்க முடியாது’ என்பது. எந்தக் கதவைச் சாத்துகிறார்களோ அதையே தட்டுங்கள். எங்கள் கல்லூரியில் ஒரு தம்பி, கடையில் கேட்ட கார்டு கிடைக்காமல் நேராக பிரின்சிபால் அறைக்கே போய், “சார், ஐயாயிரம் கார்டு இல்லையாம், ரெண்டாயிரத்தில் வாங்கட்டுமா?” என்று கேட்டார். பிரின்சிபால் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “யாருக்குப்பா?” என்றார். தப்பித்தார் தம்பி.

கேள்வி: ஸ்காலர்ஷிப் பாக்கி இருப்பதாக மெயில் வந்தது. லிங்கில் அரசுத் தளங்களுக்கு வரும் ‘கவ் டாட் இன்’ இருக்கிறது, திறந்தால் முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படமும் இருக்கிறது. 499 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். நம்பலாமா சார்?
- இரண்டாமாண்டு மாணவி, தென்காசி

கட்டாதீர்கள். நமக்குப் பணம் தருகிறவர் நம்மிடம் ஏன் பணம் கேட்க வேண்டும்?

லிங்கைப் படிக்கும் விதத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ‘மதுரை’ என்று போர்டு வைத்த ஓட்டல்கள் எத்தனை! போர்டில் மதுரை இருப்பதால் கடை மதுரையில் இருக்கிறது என்று ஆகிவிடாது. கடை எந்த ஊர் என்பது விலாசத்தின் கடைசியில்தான் இருக்கும். லிங்க்கும் அதே மாதிரி. தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விடுங்கள். அதற்கப்புறம் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டில் நின்று இடது பக்கமாகப் படியுங்கள். தேசிய ஸ்காலர்ஷிப் தளம் ‘ஸ்காலர்ஷிப்ஸ் டாட் கவ் டாட் இன்’ என்று அங்கேயே முடிந்துவிடும். உங்களுக்கு வந்ததில் ‘கவ் டாட் இன்’னுக்குப் பிறகு இன்னொரு புள்ளி, இன்னொரு பெயர், ‘டாட் காம்’ என்று வால் நீள்கிறது. அந்த வால்தான் ஊர். போனில் லிங்கைத் தட்டாமல், விரலை அழுத்தி வைத்திருந்தால் முழுதாகக் காட்டும். ஆங்கிலச் சின்ன எழுத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் ஒட்டிப் போட்டால் ‘எம்’ மாதிரியே தெரியும். என் கண்ணாடிக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் நான் லிங்கைத் தொடுவதே இல்லை, முகவரியை நானே தட்டித் திறக்கிறேன்.

பூட்டுக்கு அர்த்தம், வழியில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது என்பது மட்டுமே. திருடனுக்கும் அந்தப் பூட்டு இலவசமாகக் கிடைக்கிறது. இன்னொன்று, ‘பணம் பெற உங்கள் யூபிஐ பின்னைப் போடுங்கள்’ என்றால் அது பொய். பின் நம்பர் பணம் போவதற்குத்தான், வருவதற்கு அல்ல.

கேள்வி: ஸ்பெல்லிங் தப்பு இருந்தால் போலி மெயில் என்கிறார்களே?
- வாசகர், ஈரோடு

அது பழைய காலம். இப்போது ஏஐ நல்ல ஆங்கிலம் எழுதிக் கொடுக்கிறது. பிழையை வைத்துப் பார்த்தால் எங்கள் அலுவலகச் சர்க்குலர் பாதி போலியாகிவிடும்.

கேள்வி: ‘மெயில்பாக்ஸ் நிரம்பிவிட்டது’ என்று வந்த கூகுள் ஃபார்மில் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டேன். முப்பது வருட சர்வீஸ். வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது.
- பேராசிரியர், திருச்சி

வெட்கப்படாதீர்கள் ஐயா. விழிப்புணர்வு வகுப்பு எடுக்கிற நானே ஒரு திங்கட்கிழமை காலை, நூலக லாகின் மாதிரி வந்த பக்கத்தில் என் பாஸ்வேர்டைக் கொடுத்திருக்கிறேன். 2018-ல் அமெரிக்க அரசு ஈரானியர் 9 பேர் மீது வழக்குப் போட்டது. உலகெங்கும் 300-க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களைக் குறிவைத்து, ஏறத்தாழ 8,000 பேராசிரியர்களின் கணக்குக்குள் புகுந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. தூண்டில் என்ன தெரியுமா? ‘உங்கள் கட்டுரையை ஆர்வமாகப் படித்தேன்’ என்று இன்னொரு பேராசிரியர் எழுதுவது போல ஒரு மெயில், அதில் ஒரு லிங்க். நம் கட்டுரையை ஒருவர் படித்தார் என்றால் நாம் எதைத்தான் தட்ட மாட்டோம்!

இப்போதே பாஸ்வேர்டை மாற்றுங்கள். அதோடு விட்டுவிடக் கூடாது. செட்டிங்ஸில் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் திறந்து பாருங்கள். உள்ளே வந்தவர் சத்தம் போடாமல், உங்கள் மெயிலெல்லாம் தனக்கும் ஒரு நகல் வரும்படி செய்துவிட்டுப் போயிருப்பார். பாஸ்வேர்டு மாறினாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். பாஸ்வேர்டு மறந்தால் கணக்கை மீட்கக் கொடுத்துவைக்கும் ரெக்கவரி நம்பர் உங்களுடையதுதானா என்று பாருங்கள். மற்ற கருவிகள் எல்லாவற்றிலும் லாக்-அவுட் கொடுங்கள், பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் டூ-ஸ்டெப் போடுங்கள். அதே பாஸ்வேர்டை வேறெங்கும் வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். அப்புறம் உங்கள் கணினி மையத்துக்கு ஒரு போன். உங்களுக்கு வந்தது இன்னும் இருநூறு பேருக்கு வந்திருக்கும், மையத்தில் இருப்பவர்கள் அதைத் தடுக்க வேண்டும். அடுத்த முறை ஃபார்மின் அடியில் பாருங்கள், பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள் என்று கூகுளே பொடி எழுத்தில் போட்டிருக்கும்.

கேள்வி: கேம்பஸ் இன்டர்வியூ என்று வந்த மெயிலை நம்பி என் மகன் 18,000 ரூபாய் கட்டிவிட்டான். எங்களுக்குப் பயந்து இன்றுதான் சொன்னான். பணம் கிடைக்குமா?
- ஒரு தாய், கடலூர்

உறுதியாகச் சொல்ல முடியாதம்மா. இதைப் படிக்கும்வரை காத்திருக்க வேண்டாம் என்று உங்களுக்குத் தனியாகவும் எழுதிவிட்டேன். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எந்த வங்கி, எத்தனை மணி, பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்பார்கள், கையில் வைத்துக்கொள்ளுங்கள். ‘சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்’ தளத்திலும் புகாரைப் பதிவு செய்யுங்கள். பணம் ஒரு கணக்கில் நிற்கும்போது சொன்னால் முடக்கி வைக்க வழி உண்டு. அங்கிருந்து நாலு கணக்குக்குப் பிரிந்துவிட்டால் கஷ்டம். அந்த மெயிலை அழிக்க வேண்டாம், போலீஸ் கேட்பார்கள். பையனைத் திட்டுவதை போன் பேசி முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.