மாதாமாதம் வயிற்றுவலி வருகிறது, மாதவிலக்கு வரவில்லை: மகளை மருத்துவரிடம் காட்டலாமா?

மகளுக்குப் பதினான்கு வயது, மார்பு வளர்ச்சி வந்தும் மாதவிலக்கு வரவில்லை, மாதம் ஒருமுறை அடிவயிறு வலிக்கிறது, ஆனால் பரிசோதித்தால் கன்னித்திரை கிழிந்துவிடும் என்று மாமியார் தடுக்கிறார் என எழுதியிருக்கிறீர்கள். கோத்தகிரிப் பக்கத்தில் தேயிலைத் தோட்ட மருத்துவமனைச் செவிலியராக இருக்கும் நான் சொல்வது, இந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள் என்பதுதான்.

கன்னித்திரை என்பது யோனி வாயின் விளிம்பில் வளையமாகவோ பிறை வடிவிலோ அமைந்த மெல்லிய சவ்வு. பொதுவாக அது வாயை முழுவதும் மூடியிருப்பதில்லை. சிலருக்குக் குறுக்கே ஒரு சதைப்பட்டை ஓடி இரண்டு துளைகளாகப் பிரிந்திருக்கும்; சிலருக்குச் சல்லடை போலப் பல சிறு துளைகள் இருக்கும். இவர்களுக்கு உதிரம் வெளியேறிவிடும் என்பதால், மாதவிடாய்க் கோப்பை வைக்கும்போதோ திருமணத்துக்குப் பின் வலிக்கும்போதோதான் பெரும்பாலும் தெரியவரும்.

துளையே இல்லாமல் பிறப்பது அரிது. அப்போது உதிரம் மாதாமாதம் உள்ளேயே தேங்கி, யோனியை விரித்து, சிறுநீர்ப் பாதையையும் அழுத்தும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டிலிருந்து ஒரு சிறுமியைச் சிறுநீர் போகவில்லை என்று இரவில் தூக்கி வந்தார்கள். பல மாதமாக வாயுத்தொல்லை என்று கஷாயம் கொடுத்திருக்கிறார்கள். குழாய் வைத்துச் சிறுநீரை எடுத்த பிறகும் தொப்புளுக்குக் கீழே கட்டி கல்லாக நின்றது. மருத்துவர் வெளியிலிருந்து பார்த்தபோது சவ்வு நீலம் பாய்ந்து புடைத்திருந்தது. ஊட்டியில் மயக்க மருந்து கொடுத்துச் சவ்வைத் திறந்ததும் கருமையான கெட்டி இரத்தம் வடிந்தது. இது சிறிய அறுவை சிகிச்சைதான். காலத்தில் செய்துவிட்டால் பிற்காலத்தில் குழந்தைப்பேற்றுக்குப் பெரும்பாலும் தடையிருக்காது. வீட்டில் ஊசியால் குத்திப் பார்க்கும் விபரீதம் மட்டும் வேண்டாம், உள்ளே சீழ் பிடித்துவிடும்.

உங்கள் மாமியாரின் பயத்துக்கு இங்கே இடமில்லை. மருத்துவர் வெளிப்புறத்தைப் பார்ப்பார், வயிற்றின் மேல் ஸ்கேன் எடுப்பார், நீங்கள் உடனிருக்கலாம். எந்தப் பரிசோதனையாலும் கன்னித்தன்மையைக் கண்டறிய முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் அறிவித்துவிட்டது. சவ்வுக்கு மேலே யோனிக்குள் குறுக்குத் தடுப்பு இருந்தாலும், கருப்பையே வளராதிருந்தாலும் மாதவிலக்கு வராது என்பதால், ஸ்கேனைத் தவிர்க்காதீர்கள்.

வலியே இல்லாவிட்டாலும், பதினைந்து வயதாகியும் மாதவிலக்கு வராதவர்களையும், பதின்மூன்றிலும் மார்பு வளர்ச்சி தொடங்காதவர்களையும் காட்டியாக வேண்டும். சிறுநீர் அடைத்துக்கொண்டால் விடியட்டும் என்றிராமல் 108ஐ அழையுங்கள். போகும்போது வலி வந்த தேதிகளை எழுதிக்கொண்டு போங்கள். ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும், பெண்ணுக்கு நிறையத் தண்ணீர் கொடுத்து அழைத்துச் செல்லுங்கள்.