ஸ்டார், குடில், தோரணம்: கிறிஸ்துமஸ் கைவேலைக் கேள்வி பதில்

நவம்பர் கடைசி வாரம் வந்தாலே எனக்குக் கேள்விகள் குவிய ஆரம்பித்துவிடும். இந்த ஆண்டு வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எல்லாமே வீட்டில், கத்தரியும் பசையும் வைத்துச் செய்யக்கூடியவை.

அக்கா, மூங்கில் சிம்பில் ஸ்டார் கட்டினேன். ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை, மொத்தமாகக் கோணிக்கொண்டு நிற்கிறது. எங்கே தப்பு? (நாகர்கோவில்)

பெரும்பாலும் சிம்பு வெட்டியதில் இருக்காது, கட்டிய வரிசையில் இருக்கும். 60 செ.மீ. சிம்பு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சிம்பிலும் இரண்டு முனையிலிருந்தும் 23 செ.மீ. தள்ளிப் பேனாவால் கோடு போடுங்கள். நடுவில் 14 செ.மீ. மிஞ்சும். ஐந்து கால் நட்சத்திரத்தில் சிம்புகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம் எப்போதுமே இதுதான். வேறு நீளச் சிம்பு என்றால், நீளத்தை 0.38ஆல் பெருக்கினால் அந்தக் குறி வந்துவிடும்.

ஐந்து சிம்பையும் மேலே ஒன்று கீழே ஒன்றாகக் கோத்து, முனைகளை முதலில் தளர்வாகக் கட்டுங்கள். பிறகு குறுக்கே வெட்டும் ஐந்து இடங்களையும் குறிக்கு நேராக நகர்த்தி இறுக்கிக் கட்டுங்கள். முனைகளை இறுக்குவது கடைசி வேலை. முனையை முதலிலேயே முறுக்கிக் கட்டிவிட்டால் நடுவில் நகர்த்த இடமே இருக்காது. அதனால்தான் கோணுகிறது.

இதே மாதிரி இன்னொன்று கட்டி, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளை மட்டும் சேர்த்துக் கட்டுங்கள். குறுக்குக் கட்டு விழுந்த ஐந்து இடங்களிலும் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே 12 செ.மீ. குச்சியை முட்டுக்கொடுத்தால் வயிறு உப்பிக்கொண்டு வரும். காய்ந்த சிம்பு என்றால் முறியப் பார்க்கும். ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு எடுங்கள். கட்டுவதற்குக் கம்பியைவிடப் பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டியது நல்லது. வழுக்காது, கையையும் கிழிக்காது. பிலிப்பைன்ஸ்காரர்கள் 'பரோல்' என்று கட்டித் தொங்கவிடுவதும் இதே மூங்கில் கூடுதான்.

அந்த ஸ்டாருக்கு எந்தக் காகிதம்? போன வருடம் ஒட்டிய கலர் பேப்பர் இரண்டே நாளில் தொய்ந்துவிட்டது. (தூத்துக்குடி)

டிசம்பரில் நம் ஊரில் ஒன்று மழை, இல்லாவிட்டால் விடியற்காலைப் பனி. காகிதம் ஈரத்தைக் குடித்து விரியும், வெயில் வந்ததும் சுருங்கும், அப்புறம் தொய்யும். மெல்லிய டிஷ்யூ தாள் திண்ணைக்குள்ளே, கூரைக்கு அடியில் என்றால் சரி. மாடியிலோ மரத்திலோ கட்டுவதானால் ட்ரேசிங் பேப்பரோ பட்டர் பேப்பரோ ஒட்டி, மேலே மெல்லிய பாலிதீன் உறை மாட்டிவிடுங்கள். உறையின் அடிப்பக்கம் திறந்தே இருக்கட்டும். மூடிக் கட்டினால் உள்ளேயே வியர்த்துக் காகிதம் கெடும்.

வெள்ளை டிஷ்யூவுக்கு ஒரு கைப்பக்குவம் உண்டு. இழுத்து ஒட்ட வேண்டாம், கொஞ்சம் தளர்வாகவே ஒட்டுங்கள். பசை காய்ந்த பிறகு ஸ்பிரே பாட்டிலால் தூறல் மாதிரி தண்ணீர் தெளித்து நிழலில் காயவிடுங்கள். காயும்போது தாள் தானாக இறுகி விறைப்பாக நிற்கும். கலர் தாளில் இதைச் செய்தால் சாயம் ஒழுகும்.

உள்ளே குண்டு பல்பு போடலாமா? மெழுகுவத்தி வைத்தால் பழைய காலம் மாதிரி இருக்கும் என்று மாமியார் சொல்கிறார். (கோவை)

இரண்டுமே வேண்டாம். மாமியாரிடம் என் பெயரைச் சொல்லியே மறுத்துவிடுங்கள். 5 வாட் எல்இடி பல்பு போதும். அதிலும் ஹோல்டர் பக்கம் சூடாகும், ஆகவே காகிதத்திலிருந்து நாலு விரல் தள்ளியே தொங்க வேண்டும். மேல் காலின் பக்கவாட்டை ஒட்டாமல் விட்டால் சூடும் வெளியேறும், பல்பு மாற்றக் கையும் நுழையும். வெளியே தொங்கும் ஒயரில் டேப் சுற்றிய ஒட்டு எதுவும் இருக்கக் கூடாது, மழைக்காலம்.

கம்பாஸ், அச்சு எதுவும் இல்லாமல் ஐந்து மூலை நட்சத்திரம் வெட்ட முடியுமா? வகுப்பில் 40 பிள்ளைகள். (திண்டுக்கல், ஆசிரியை)

முடியும் டீச்சர், ஒரே வெட்டில். தாளை இரண்டாக மடியுங்கள். மடிப்புக் கோட்டின் நடுப்புள்ளியில் பாகைமானியை வைத்து 36, 72, 108, 144 பாகைகளில் கோடு போட்டு, விசிறி மாதிரி முன்னும் பின்னுமாக மடித்துக்கொண்டே வாருங்கள். கூரான ஒரு துண்டு கிடைக்கும். கூர்முனையிலிருந்து ஒரு ஓரத்தில் 10 செ.மீ., எதிர் ஓரத்தில் 4 செ.மீ. குறித்து, இரண்டு குறிகளையும் சேர்த்துச் சாய்வாக ஒரே வெட்டு. விரித்தால் நட்சத்திரம். 4 செ.மீ.யைக் குறைத்தால் கால்கள் ஒல்லியாகும், கூட்டினால் குண்டாகும். பிள்ளைகளுக்குப் பிடித்த விளையாட்டே அதுதான். பாகைமானி உங்கள் கையில் மட்டும் இருந்தால் போதும். ஒரு தாளில் கோடு போட்டு அதை மேலே வைத்து மற்றவர்கள் நகல் எடுத்துக்கொள்ளட்டும்.

பனித்துகள் வெட்டும்போது எனக்கு எட்டு கை வருகிறது, படங்களில் ஆறுதான் இருக்கிறது. (சென்னை)

நீங்கள் பாதி, பாதி, பாதி என்று மடிக்கிறீர்கள், அதனால் எட்டு. இரண்டாக மடித்த பிறகு மூன்றாக மடியுங்கள், ஆறு வரும். பனிக்கட்டியின் படிகமே அறுகோண அமைப்பு, நிஜப் பனித்துகளுக்கு எட்டு கை கிடையாது. பனியே பெய்யாத சென்னையில் யார் எண்ணப் போகிறார்கள் என்பது வேறு விஷயம்.

டென்மார்க்கில் செய்யும் பின்னல் இதயம் சொல்லிக்கொடுங்கள். வீடியோவில் வேகமாகப் போகிறது, பிடிபடவே இல்லை. (யாழ்ப்பாணம்)

எனக்கு மிகவும் பிடித்தது இது. கதாசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1860இல் செய்த ஒன்று இன்றும் இருக்கிறது. கிடைத்தவற்றில் பழையது அதுதான் என்கிறார்கள்.

சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்றாக 9 செ.மீ. அகலம், 27 செ.மீ. நீளத்தில் இரண்டு தாள் வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் குறுக்கே பாதியாக மடித்தால் 13.5 செ.மீ. வரும். மடிப்புக்கு எதிர் முனையை அரைவட்டமாக வெட்டுங்கள். மடிப்புப் பக்கத்திலிருந்து 3 செ.மீ. இடைவெளியில் இரண்டு வெட்டு, ஒவ்வொன்றும் 9.5 செ.மீ. நீளம். சரியாக 9 என்று வெட்டினால் கடைசி வரிசை நுழையாமல் கிழியும். அந்த அரை செ.மீ. அவசியம்.

பலருக்கும் சிக்குகிற இடம் பின்னல். பாய் முடைவது மாதிரி மேலே கீழே போகக் கூடாது. ஒவ்வொரு பட்டையும் இரண்டு அடுக்கு, இல்லையா? சிவப்பின் முதல் பட்டையை வெள்ளையின் முதல் பட்டைக்கு *உள்ளே* நுழையுங்கள். அடுத்த வெள்ளைப் பட்டையை அதே சிவப்புக்கு உள்ளே நுழையுங்கள். மூன்றாவதில் மறுபடி சிவப்பு உள்ளே. இரண்டாவது சிவப்புக்கு இதையே மாற்றிச் செய்யுங்கள், மூன்றாவதற்கு முதலாவது மாதிரி. முடிந்ததும் நடுவில் விரலை விட்டால் பை மாதிரி திறக்க வேண்டும். திறக்கவில்லை என்றால் எங்கோ மேலே கீழே போய்விட்டீர்கள். காகிதப் பிடி ஒட்டி, உள்ளே மிட்டாய் போட்டு மரத்தில் மாட்டலாம்.

ஒரு தாள் மடித்தால் அழகாக மடிகிறது, அதே தாள் இன்னொரு பக்கம் மடித்தால் வெடிக்கிறது. மட்டமான தாளா? (மதுரை)

இல்லை. காகிதத்தின் நார் ஒரு திசையில்தான் ஓடும். சார்ட் தாளை மடிக்காமல் இரண்டு பக்கமாகவும் வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும் பக்கம், வளைவின் கோடு நாரோடு ஓடுகிறது. அந்தக் கோட்டுக்கு இணையாக மடித்தால் வெடிக்காது. மற்றத் திசையில் மடித்துத்தான் ஆக வேண்டும் என்றால், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவையும் ஸ்கேலையும் வைத்து அழுத்திக் கோடு கிழித்துவிட்டு மடியுங்கள்.

26 முனை ஸ்டார் ஒன்று ஜெர்மனியில் இருக்கிறதாமே, வீட்டில் வருமா? (வேளாங்கண்ணி)

வரும், பொறுமை வேண்டும். ஜெர்மனியின் நீஸ்கி ஊரில் மொரேவியன் என்ற கிறிஸ்தவ சபையின் பள்ளியில் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கணித வகுப்புக்காகச் செய்தது அது. பிறகு ஹெர்ன்ஹூட் ஊரில் விற்பனைக்கே செய்ய ஆரம்பித்தார்கள். அடிப்பாகம் சதுரமாக உள்ள 18 கூம்புகளும், முக்கோணமாக உள்ள எட்டுக் கூம்புகளும் சேர்ந்தது. மாட்டுவதற்கும் பல்புக்கும் ஒரு சதுரத்தைத் திறந்தே விடுவதால் நீங்கள் செய்ய வேண்டிய சதுரக் கூம்பு 17. 120 ஜிஎஸ்எம்முக்குக் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) குறையாத தாளாக எடுங்கள். முதல் முயற்சிக்கு இது வேண்டாம் என்பேன்.

பசை? கடைப் பசை கட்டுப்படியாகவில்லை. (சேலம்)

மைதா ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு. முதலில் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மீதியைக் கொதிக்கவைத்து அதில் ஊற்றி, கண்ணாடி மாதிரி ஆகும்வரை கிளறுங்கள். இரண்டு நாளைக்கு மேல் வைக்காதீர்கள். பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், பிள்ளைகள் கை வைக்கிற வேலைக்கு வேண்டாம்.

10 அடி வளையத் தோரணத்துக்கு எத்தனை தாள்? (கரூர்)

ஏ4 தாளைக் குறுக்குவாட்டில் 2.5 செ.மீ. பட்டைகளாக வெட்டினால் 11 பட்டை. ஒன்றரை செ.மீ. மேலேற்றி ஒட்டினால் ஒரு வளையம் 6 செ.மீ. சொச்சம். 10 அடிக்கு ஐந்து தாள். கிரேப் பேப்பர் மட்டும் வாங்காதீர்கள். ஒரு தூறல் போதும், சாயம் சுவரில் இறங்கி பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்வரை நிற்கும்.

குடிலுக்குப் புல் எப்போது விதைப்பது? மலைக்கு தெர்மகோல் இல்லாமல் என்ன செய்வது? (திருச்சி)

கேழ்வரகு என்றால் டிசம்பர் 12, 13 வாக்கில். ராத்திரி ஊறவைத்து, அகலமான தட்டில் ஈரமண் பரப்பித் தூவி, மேலே லேசாக மண் மூடி, தினமும் கையால் தெளியுங்கள். ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு ஓடிவிடும். 24ஆம் தேதி ராத்திரி பாலன் சுரூபத்தை வைக்கும்போது விரலளவு பச்சையாக நிற்கும். முன்கூட்டியே விதைத்தால் வளர்ந்து சாய்ந்து, ஆடுகளை மறைத்துவிடும்.

மலைக்குச் செய்தித்தாளைக் கசக்கி மேடாக அடுக்குங்கள். மேலே பிரவுன் தாளை நனைத்துப் பிழிந்து, கசங்கல் கசங்கலாகப் போர்த்திக் காயவிட்டு, மடிப்பின் முகடுகளில் மட்டும் காய்ந்த பிரஷால் வெள்ளைப் பெயிண்ட் தடவுங்கள். பாறையாகத் தெரியும். வைக்கோல் கூரைக்குப் பக்கத்தில் சீரியல் செட் ஒயரைப் போடாதீர்கள்.

ஜிகினாத் தூள் போடலாமா அக்கா? (புதுச்சேரி)

போடாமல் இருப்பதே நல்லது. அது பொடித்த பிளாஸ்டிக். சாம்பிராணித் தூள் மாதிரி வீடெங்கும் பரவி, கூட்டினாலும் போகாது. மினுமினுப்பு வேண்டுமென்றால் சாக்லேட் சுற்றி வரும் ஜிகினாத் தாளைச் சேர்த்து வைத்து நட்சத்திரமாக வெட்டி ஒட்டுங்கள்.

எப்போது கழற்றுவது? அடுத்த வருடத்துக்கு வைக்க முடியுமா? (நாகர்கோவில், வேறொருவர்)

பெரும்பாலான வீடுகளில் மூன்று ராஜாக்கள் திருநாள், ஜனவரி 6 கழிந்து கழற்றுவார்கள். காகிதத்தைக் கிழித்து எடுத்துவிட்டு, ஈரத் துணியால் பசையைத் துடைத்து, வெறும் மூங்கில் கூட்டை மட்டும் பரணில் தொங்கவிடுங்கள். பசை ஒட்டியிருந்தால் கரப்பான் தேடி வரும். டியூப் நாடாவை மட்டும் அடுத்த வருடம் மாற்றிக் கட்டுங்கள், ரப்பர் இற்றுப்போயிருக்கும்.